பாய்மரத்து உச்சியில ஒரு புள்ளி

பழைய நெகட்டிவ ஸ்கேன் பண்ணி தூசி எடுக்குத வேலைக்கு நல்ல கண்ணும் நெறைய பொறுமையும் வேணும்பாங்க; எங்கிட்ட கண்ணு மட்டும்தான் இருந்துச்சு. காலேஜ் முடிஞ்சு ரெண்டு மணிக்கு பாளையங்கோட்டையில ஒரு போட்டோ கடையில போயி உக்காருவேன். காலையில புரொபசர்மாரோட சண்ட, மத்தியானம் வாடிக்கக்காரங்களோட சண்ட. கடைக்காரி இசக்கியக்கா என்னைய வேலைக்கு எடுத்த அன்னைக்கே சொல்லிட்டா, "ஏட்டி முப்புடாதி, வாய வீட்டுல வச்சிட்டு வா, கண்ண மட்டும் கொண்டாந்தா போதும்"னு. கவுண்டருக்கு உள்பக்கம் நின்னுக்கிட்டு பல்லக் கடிச்சபடி 'சரிங்க சார்' சொல்லுத என் இனத்து ஆளுங்களே, இது ஒங்களுக்குத்தான். மத்தவங்களும் படிங்க, எங்க பாடு என்னன்னு தெரியட்டும்.

ரெண்டு டிரங்குப் பெட்டி

ஒரு நா ஆட்டோவுல ரெண்டு தகர டிரங்குப் பெட்டியோட சங்கரலிங்கம் அண்ணாச்சி வந்து எறங்குனாவ. கத்தார்ல வேல, லீவுக்கு வந்திருக்காவ. அவிய அப்பா பம்பாயில ஒரு பாய்மரப் படவு கிளப்புக்கு போட்டோ எடுத்தவரு. பந்தயம் நடக்குதப்ப ஒரு சின்ன படவுல ஏறி பின்னாலயே போயி, முப்பது வருசமா எடுத்துத் தள்ளிருக்காரு. பொண்டாட்டி பிள்ளைய எல்லாம் பாளையங்கோட்டையில, இவரு மட்டும் கடல்ல. ரிட்டயர் ஆகி ஊருக்கு வரும்போது கொண்டாந்தது இந்த ரெண்டு பெட்டிதான். பங்குனியில தவறிட்டாரு.

பெட்டியத் தொறந்தா பிலிமு புளிச்ச காடி வாடையும் பாச்சா உருண்ட வாடையும் சேந்து மூக்க அடைக்கி. உள்ள பூரா கருப்பு வெள்ள நெகட்டிவ். ஒவ்வொண்ணா வெளிச்சத்துல புடிச்சுப் பாக்கேன், படவு, படவு, படவு. காத்துல காயப்போட்ட வேட்டி மாதிரி பாய விரிச்சிக்கிட்டு எல்லாம் சாஞ்சு சாஞ்சு ஓடுது. "என்ன அண்ணாச்சி, வீட்டு ஆளுங்க ஒருத்தரு மொகம் கூடவா இல்ல?"ன்னு கேட்டுட்டேன். வாய வீட்டுல வச்சிட்டு வர மறந்த நாளு. அண்ணாச்சி கோவப்படல. "எங்கப்பா எங்கள எடுத்தது மொத்தமே ரெண்டு போட்டோ. அதுலயும் ஒண்ணுல தங்கச்சிய தண்ணித் தொட்டிக்குள்ள எறக்கி விட்டுத்தான் எடுத்தாரு."

வானத்துல இருந்தா தூசி

கலர் பிலிமுன்னா மிஷினே தூசியக் கண்டுபுடிச்சு எடுத்துரும். கருப்பு வெள்ளைக்கு அந்த வித்த பலிக்காது. படத்தப் பெருசாக்கி, மூலைக்கு மூல தேடி, வெள்ளையா விழுந்திருக்க ஒவ்வொரு புள்ளியையும் கையாலதான் எடுக்கணும். எப்படி எடுக்கோம்னா, பக்கத்துல இருக்க நல்ல வானத்துல ஒரு துண்ட எடுத்து அந்தப் புள்ளி மேல ஒட்டிருவோம். அப்புறம் தூசியோட இருந்த ஸ்கேன அழிச்சிட்டு, சுத்தம் பண்ணத மட்டும் வச்சுக்கிடுவோம். கம்ப்யூட்டர்ல எடமில்ல, அதான் கட வழக்கம்.

நான் ஒரு நாளைக்கு அறுவது படம் முடிப்பேன். இசக்கியக்காவே அசந்து போனா. எனக்கும் திமிரு வந்துட்டு. ஆனாலும் சண்ட போடாம எப்படி இருக்க? "ஏன்க்கா, வானத்துல இருக்கதெல்லாம் தூசின்னு யாரு சொன்னா? பம்பாயில பறவ பறக்காதா?"ன்னேன். அக்கா டீ கிளாஸ மேசையில வச்சா. "ஏட்டி, வெள்ளையா எது வானத்துல இருந்தாலும் தூசி. கடல்ல இருந்தா தொடாத, அது நுரையாவும் இருக்கும், ஆளாவும் இருக்கும்."

சாஞ்ச கப்பல நிமித்துதது

"கேக்குதவங்களுக்கெல்லாம் பிரிண்டு போட்டுக் குடு, பெட்டிக்குள்ள கெடந்தது போதும், நாலு செவுத்துல தொங்கட்டும்"னு சங்கரலிங்கம் அண்ணாச்சி சொல்லிட்டாவ. அக்கா ஒரு படத்தப் பெருசாப் போட்டு கட வாசல்ல மாட்டுனா. அன்னைக்குப் புடிச்சது எனக்குச் சனி.

ஜங்சன் பக்கம் லாட்ஜ் வச்சிருக்க ஒரு அண்ணாச்சி வந்தாவ. படம் ரொம்பப் புடிச்சிட்டு. ஆனா ஒரே ஒரு கொற. "கப்பலு சாஞ்சில்லா நிக்கி. நேராக்கிக் குடு." நான் சொன்னேன், "அண்ணாச்சி, காத்துல ஓடுத பாய்மரப் படவு அப்படித்தான் சாயும். அந்தச் சாய்வுலதான் வேகமே இருக்கு." "அதெல்லாம் பம்பாய்ல. இங்கன நம்ம வரவேற்புல சாஞ்ச கப்பல மாட்டுனா தொழிலு சாஞ்சிரும்." "கப்பல நேராக்குனா கடலு சாஞ்சிரும் அண்ணாச்சி!" "சாஞ்சா?" "தண்ணி எல்லாம் ஒரு பக்கமா வழியுத மாதிரி இருக்கும்!" கால் மணி நேரம் கத்துனேன். அண்ணாச்சி அவ்வளவையும் பொறுமையாக் கேட்டுட்டு, எனக்கும் சேத்து ஒரு டீ சொல்லிட்டு சொன்னாவ: "கடலு சாஞ்சா சாஞ்சிட்டுப் போவுதும்மா, லாட்ஜுக்கு வாரவன் எவன் கடலப் பாக்கான்?"

கடைசி படவு

டியூசன் சென்டர் நடத்துத வாத்தியாரு ஒருத்தரு வந்தாரு. பசங்க பாத்து ஊக்கம் எடுக்கணுமாம், அதனால பந்தயத்துல ஜெயிச்ச படவு படந்தான் வேணுமாம். முப்பது படத்தப் பாத்துட்டு ஒண்ணுல கண்ணு நின்னுட்டு. ஒத்தப் படவு, சுத்திலும் ஆளே இல்ல, பாயி பூரா வெயிலு. "இதுதான். முன்னால ஒருத்தனும் இல்ல பாத்தியா, தனியா முந்திப் போறான்"னாரு. நெகட்டிவ் சுத்தியிருந்த காகித உறைய அன்னைக்கு எதேச்சையாத் திருப்பிப் பாத்தேன். அண்ணாச்சி அப்பா பென்சில்ல எழுதி வச்சிருக்காரு: 'கடைசி'. மத்த படவெல்லாம் கரையேறி முடிச்சாச்சு போல.

எனக்கு இந்த மாதிரி எடம் கெடச்சா விடுவனா? "சார், இது கடைசியா வந்த படவு சார்"னு ஒறையக் காட்டுனேன். அவரு ஒறையப் பாத்தாரு, படத்தப் பாத்தாரு. அப்புறம் குரலத் தாழ்த்தி, "இதையே போட்டுக் குடு. எங்கிட்ட வாரவனுவ முக்காவாசியும் கடைசிதான், அவனுவளும் அழகா இருக்கானுவன்னு ஒரு ஆளு எடுத்து வச்சிருக்காருல்லா."

கன்னத்துல கை

பல் டாக்டர் ஒருத்தரு அவரு கிளினிக்குக்கு ஒரு படம் வாங்குனாரு. முன்னால ஒரு பெரிய படவு கவுந்துரும்போல சாஞ்சிட்டுப் போவுது. பின்னால, தூரத்துல, ஒரு சின்ன படவு. பிரேம் போட்டு மாட்டுததுக்கு நான் போனேன். ஆணியடிச்சு மாட்டிட்டுத் திரும்புனா, படத்துக்குக் கீழ பெஞ்சுல வரிசையா ஏழு பேரு. ஏழு பேரும் கன்னத்துல கை வச்சிக்கிட்டு உக்காந்திருக்காவ. மேல கப்பல் கவுழுது, கீழ எல்லாரும் கன்னத்துல கை. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல.

ஓரத்துல இருந்த ஒரு அம்மா, அம்பது அம்பத்தஞ்சு வயசிருக்கும், தலையில முக்காடு, வீங்குன கன்னத்தப் புடிச்சிக்கிட்டு, "ஏம்புள்ள சிரிக்கே?"ன்னாவ. "கப்பல் கவுந்தாலும் கன்னத்துல கை வைக்காதேம்பாங்கள்லா, நீங்க எல்லாரும் வச்சிருக்கியளே"ன்னேன். அவிய மெதுவாத் தலையத் தூக்கி படத்தப் பாத்தாவ. அந்த வலியிலயும் ஒரு சிரிப்பு. "கப்பல் கவுந்தா கைய எடுத்துருவேன் புள்ள. இது கடவாப்பல்லு."

எட்டாம் நம்பரு

நாலு நா கழிச்சு அதே அம்மா கடைக்கு வந்தாவ. கன்னம் வத்தியிருந்துச்சு. பேரு ஜைனம்பு, மேலப்பாளையத்துல ஜாக்கெட் தைக்காவ. "அந்த டாக்டர் ரூம்பு படத்துல, பின்னால ஒரு சின்னப் படவு இருக்குல்லா, பாயில எட்டுன்னு நம்பரு போட்டது. பம்பாயில எடுத்ததுன்னு டாக்டரு சொன்னாரு. எங்க வாப்பா அதுலதான் வேல பாத்தாவ"ன்னாவ. வாப்பா பேரு காசிம். பம்பாயில படவுல பாயி இழுத்துக் கட்டுத வேல. ஜைனம்பும்மாவுக்கு மூணு வயசு இருக்கும்போது அங்கனயே காய்ச்சல்ல மௌத்தாயிட்டாவ. துக்கம் கேக்க வந்த பாளையங்கோட்டைக்காரரு ஒருத்தரு, போட்டோ எடுக்கவரு, உம்மாகிட்ட சொல்லிட்டுப் போயிருக்காரு: பந்தயத்துல ஒரு தடவ எட்டாம் நம்பரு படவுல கயிறு சிக்கி, காசிம் பாய்மரத்து உச்சி வரைக்கும் ஏறி எடுத்து விட்டான், அத நான் படம் புடிச்சு வச்சிருக்கேன், அடுத்த லீவுல கொண்டாரேன்னு. அதுக்குள்ள உம்மா வீட்டக் காலி பண்ணிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டாவ. அதோட போச்சு. வாப்பாவுக்கு வேற படமே கெடையாது. "மொகம் தெரியாட்டாலும் பரவால்ல புள்ள, ஆளு நிக்கத ஒரு தடவ பாத்தா போதும்."

நான் படத்தத் தொறந்து பெருசாக்குனேன். எட்டாம் நம்பரு பாயி இருக்கு. பாய்மரம் இருக்கு. உச்சியில வானந்தான் இருக்கு, சுத்தமா. "ஆளு இல்லம்மா." "நல்லாப் பாரு புள்ள." "பாத்துட்டேன், இல்ல." "அந்த போட்டோக்கார அண்ணாச்சி பொய் சொல்ல மாட்டாருன்னு உம்மா சொல்லும்." எனக்குக் கோவம் ஏறிட்டு. இந்தப் படத்துல நான் பாக்காத எடம் ஒரு எள்ளளவு இல்ல, எங்கிட்டயே நல்லாப் பாருன்னா? "இல்லாத ஆள நான் என்ன வரைஞ்சா தர முடியும்?"னு கத்திட்டேன். கடையே திரும்பிப் பாத்துது. ஜைனம்பும்மா பையத் தோள்ல மாட்டுனாவ. கண்ணு கலங்கிருந்துச்சு, ஆனா குரலு ஒசரல. "நீ கோவப்படாத புள்ள. அவ்வளவு ஒசரத்துல நிக்கவங்க சட்டுனு கண்ணுல படமாட்டாவ."

நெழலு மட்டும்

அந்த வார்த்த ராவெல்லாம் குத்திட்டே இருந்துச்சு. மறுநா ஆடி அமாவாச. காலேஜுக்கு மட்டம் போட்டுட்டு காலையில கட தொறந்ததுமே போயி உக்காந்தேன். மன்னிப்புக் கேக்கதுக்கு இல்ல. நான் சொன்னதுதான் சரின்னு பிரிண்டு போட்டு அந்த அம்மா கையில குடுக்கணும்னு. எட்டாம் நம்பரு பாய எவ்வளவு பெருசாக்க முடியுமோ அவ்வளவு பெருசாக்குனேன். நம்பருக்கு மேல, பாயோட துணியில, கருப்பா ஒரு தீத்தல். அழுக்குன்னு நெனச்சேன். அழுக்குக்கு கையி இருக்குமா? ஒரு கையத் தூக்குன மாதிரி ஒரு நெழலு. வெயிலு பின்னால இருந்து அடிச்சு, பாய் மேல ஒரு மனுசன் நெழலு விழுந்து கெடக்கு. நெழலு இருக்கு, ஆளக் காணல.

அதுக்கு மேல பாத்தேன். பாய்மரத்து உச்சிக்குப் பக்கத்துல ஒரே மேகத் துண்டு ரெண்டு தடவ இருக்கு. அது என் கைவேல. வானத்துல வெள்ளச் சட்டையோட நின்ன ஆள, தூசின்னு எடுத்து எறிஞ்சிட்டு, பக்கத்து வானத்த வெட்டி ஒட்டிருக்கேன். தூசியோட இருந்த ஸ்கேனையும் அழிச்சாச்சு. நெகட்டிவ போன வாரந்தான் அண்ணாச்சி பெட்டியோட வாங்கிட்டுப் போயிருந்தாவ. போன் போட்டா அவிய வீட்டம்மா எடுக்காவ: "அவிய காலையிலயே பாவநாசம் போயிட்டாவம்மா, மாமாவுக்கு தர்ப்பணம் குடுக்க. மாமா துணிமணியெல்லாம் ஆத்துல விடணும்லா. கம்ப்யூட்டர்ல எல்லாம் ஏத்தியாச்சேன்னு அந்த ரெண்டு பெட்டியையும் சேத்து எடுத்துட்டுப் போயிருக்காவ. போன இங்கனயே வச்சிட்டாவ."

அக்காகிட்ட ஒண்ணு விடாம சொன்னேன். ஏசுவான்னு பாத்தா ஏசல. வானத்துல இருக்கதெல்லாம் தூசின்னு சொன்னது அவதான்னு அவளுக்கும் ஞாபகம் வந்திருக்கும். கல்லாவுல இருந்து பஸ்ஸுக்கு ரூவா எடுத்து என் கையில திணிச்சா. "வாய வீட்டுல வச்சிட்டு வான்னு சொல்லுவேன்லா? இன்னைக்குக் கூடவே எடுத்துட்டுப் போ."

பாவநாசம் படித்துறை

பஸ்ஸுல நிக்க எடமில்ல. அம்பாசமுத்திரம் தாண்டுததுக்குள்ள டிரைவர்கிட்ட ரெண்டு தடவ சண்ட போட்டேன். படித்துறையில எறங்குனா தல தலையா கூட்டம். ஊறுன சேல, வேட்டியெல்லாம் படியோரம் கும்பலு கும்பலாக் கெடக்கு. கீழ்ப்படியில, ஈர வேட்டியோட அண்ணாச்சி நிக்காவ. பக்கத்துல ரெண்டு பெட்டியும் தொறந்து கெடக்கு. ஒரு கட்டு நெகட்டிவ் ஏற்கெனவே தண்ணியில பிரிஞ்சு போயிட்டிருக்கு. ரெண்டாவது கட்டு அவிய கையில. "அண்ணாச்சி, விடாதீங்க!"ன்னு நான் கத்துன கத்துல பக்கத்துல மந்திரம் சொல்லிட்டிருந்த ஐயரே நிறுத்திட்டாரு.

காசிமப் பத்திச் சொல்லத்தான் வாயத் தொறந்தேன். வந்தது வேற. "பிலிமு மக்காது, இது ஊரே குடிக்கித தண்ணி, உள்ள மீனு இருக்கு"ன்னு ஆரம்பிச்சிட்டேன். ஒரு பெரியவரு, "ஏட்டி, எல்லாரும்தான் விடுதாவ, நீ என்ன கலெக்டரா?"ன்னாரு. "கலெக்டரு வந்து சொன்னாத்தான் மீனு சாவாதா?"ன்னு அவரையும் புடிச்சிக்கிட்டேன். படித்துறை ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு பேசுது. அதுக்கு நடுவுலதான் வந்த காரியம் ஞாபகம் வந்துது. "அதுல ஒரு ஆளு நிக்காரு அண்ணாச்சி. நாந்தான் அழிச்சிட்டேன். அவரு மவ மேலப்பாளையத்துல இருக்கா"ன்னு அழுதுட்டேன்.

அண்ணாச்சி அப்படியே படியில உக்காந்துட்டாவ, கட்டு நனையாம மடியில தூக்கி வச்சிக்கிட்டு. ரெண்டு பேரும் ஒவ்வொரு ஒறையாப் பிரிச்சோம். போன கட்டுல இருந்திருந்தா? ரெண்டாவது பெட்டியோட அடியில ஒரு ஒற. மேல பென்சில்ல ரெண்டே வார்த்த: 'காசிம். உச்சியில.' நாளைக்கு அறுவது படம் முடிக்குத அவசரத்துல இந்த ஒறைய நான் திருப்பிக்கூடப் பாத்ததில்ல. சூரியனுக்கு நேரா தூக்கிப் புடிச்சேன். நெகட்டிவ்ல வெள்ள கருப்பாத்தானே தெரியும்? படித்துறையில எல்லாரு கையிலயும் எள்ளு. என் கையில இருந்த பிலிமுல, பாய்மரத்து உச்சியில, இன்னொரு எள்ளு. அண்ணாச்சி பிலிமக் கையில வாங்கிப் பாத்தாவ. "எங்கப்பா காலம் பூரா தண்ணியத்தான் பாத்துட்டுக் கெடந்தாரு, அதான் தண்ணிகிட்டயே குடுத்துருவோம்னு நெனச்சேன். ரெண்டு பெட்டியையும் நீயே எடுத்துட்டுப் போம்மா. மொதல்ல அந்த மனுசனக் கரையேத்து."

சாடை

இந்தத் தடவ ஸ்கேனர் எவ்வளவு பெருசா எடுக்குமோ அவ்வளவு பெருசா எடுத்தோம். ஒரு புள்ளி கூடத் தொடைக்கல. தூசி, பூஞ்சை, கீறலு எல்லாம் அது அது எடத்துல இருக்கட்டும்னுட்டா அக்கா. ஜைனம்பும்மா வந்தாவ. எனக்கு மன்னிப்புக் கேக்க வராது, பழக்கமில்ல. நாற்காலிய இழுத்துப் போட்டேன், மின்விசிறிய அவிய பக்கம் திருப்பி வச்சேன். அப்புறந்தான் சொன்னேன், "நாந்தாம்மா அழிச்சது. தூசின்னு நெனச்சிட்டேன்"னு. அவிய என் மணிக்கட்டப் புடிச்சிக்கிட்டாவ, அவ்வளவுதான்.

படத்தத் தொறந்தேன். உச்சியில ஒரு மனுசன். வெள்ளச் சட்ட, காத்துல உப்பிக்கிட்டு. ரெண்டு காலையும் பாய்மரத்தச் சுத்திப் பின்னிருக்காவ. ஒரு கை கயித்துல, ஒரு கை தலைக்கு மேல மடங்கிக் கெடக்கு. மொகம் மட்டும் தெரியல. ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். எவ்வளவு பெருசாக்குனாலும் வெளிச்சம் பெருசாவுது, மொகம் வரல. எனக்கே ஆத்திரமா இருந்துச்சு, இவ்வளவு தூரம் ஓடிப்போயி கொண்டாந்து மொகம் இல்லியேன்னு. ஜைனம்பும்மா முக்காட்ட இழுத்து வாயப் பொத்திக்கிட்டு பாத்துட்டே இருந்தாவ. "இன்னும் பெருசாக்கட்டுமாம்மா?"ன்னேன்.

"வேண்டாம் புள்ள, இவ்வளவு போதும். எம் மவன் இப்படித்தான் காலப் பின்னிக்கிட்டு, ஒரு கையத் தலைக்கு மேல போட்டு ஒறங்குவான். இது யாரு சாடையோன்னு அவன் பொறந்ததுல இருந்து தேடிட்டு இருந்தேன்."

இப்பவும் நாளெல்லாம் தூசி எடுக்கத்தான் செய்யுதேன். என்ன, அறுவது படம் பன்னெண்டாக் கொறஞ்சு போச்சு, வானத்துல ஒரு புள்ளியக் கண்டா 'நீரு யாரு வே'ன்னு ஒரு வார்த்த கேக்காம இப்ப கை வைக்கதில்ல.